வாழ்த்து அட்டையில் பொற்செதில்

2019-ஆம் ஆண்டுப் பொங்கலுக்குத் தில்லியிலிருந்து கும்பகோணத்துக்கு நாங்கள் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினோம். கடையில் வாங்கியதன்று, வீட்டில் எங்கள் கையாலேயே செய்தது. கனத்த வெள்ளைக் காகிதத்தை மடித்து, முகப்பில் பானையும் கரும்பும் தீட்டி, அவற்றுக்கு மேலே எழும் கதிரவனைப் பொன்னிறச் செதில்களால் ஒட்டி அமைத்திருந்தோம். அது வந்து சேர்ந்ததென்றும், அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்த்துப் பாராட்டினார்கள் என்றும் தொலைபேசியில் கேட்டு மகிழ்ந்தோம். அவ்வாண்டு தீபாவளிக்கு ஊருக்குச் சென்றபோதுதான் அதை மறுபடி கண்ணால் கண்டோம். பூஜை அலமாரியில், விளக்குக்குப் பக்கத்தில், சுவரோடு சாத்தி வைத்திருந்தார்கள். பானை அப்படியே இருந்தது, கரும்பும் அப்படியே. கதிரவன் மட்டும் கறுத்துப்போய், விளிம்பில் பாசி படர்ந்தாற்போல் பச்சை பூத்திருந்தான். "கிரகணம் பிடித்த சூரியனை அல்லவா அனுப்பியிருக்கிறீர்கள்!" என்று அம்மா சிரித்தார்கள்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், எங்களுக்கு வெட்கமாயிற்று. தங்கம் கறுக்குமா? கறுக்காது. ஆகவே நாங்கள் ஒட்டியது தங்கமன்று. இதை விசாரித்துத் தெரிந்துகொள்ள எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின. வெளி மாநிலங்களில் இருந்துகொண்டு, பொங்கலுக்கோ, சித்திரைப் பிறப்புக்கோ, பெற்றோரின் மணிவிழாவுக்கோ கையால் அட்டை செய்து ஊருக்கு அனுப்பும் நம்மவர் இன்னும் பலர் உளர். அவர்களுக்கு இது பயன்படும் என்று கருதியே நேயர்களோடு பகிர்ந்துகொள்ளுகிறோம்.

பெருநகரங்களின் கைவினைப் பொருட்கடைகளில் சிறு குப்பிகளில் இந்தச் செதில்கள் கிடைக்கின்றன. கில்டிங் ஃபிளேக்ஸ் என்றும், கோல்டு ஃபிளேக்ஸ் என்றும் ஒட்டுச்சீட்டில் எழுதியிருக்கும். (பின்னைய பெயரைத் தெருமுனைப் பெட்டிக்கடையில் சொன்னால் சிகரெட்டுப் பெட்டியை நீட்டுவார்கள், எங்களுக்கு நீட்டினார்கள்.) குப்பியைக் குலுக்கினால் காய்ந்த பூவிதழ் போல, ஒழுங்கற்ற வடிவில் மெல்லிய உலோகத் துணுக்குகள் அசையும். நம்மூர்க் கடைத்தெருவில் விற்கும் ஜிகினாப் பொடியோடு இதைச் சேர்த்து எண்ணலாகாது. ஜிகினாப் பொடி பெரும்பாலும் நிறமேற்றிய பிளாஸ்டிக் படலத்தைப் பொடியாக நறுக்கியது. செதிலோ, உண்மையான உலோகத்தைத் தகடாக்கி, அடித்து, காற்றில் பறக்குமளவு மெலியச் செய்து உதிர்த்தது. ஆகையால்தான் அதன் ஒளி ஜிகினாவின் மினுக்குப் போல் கண்ணைக் குத்தாமல் அடங்கித் தோன்றுகிறது.

எந்த உலோகம் என்பதே கேள்வி. மலிவாகக் கிடைக்கும் பொன்னிறச் செதில் பித்தளை. ஐந்தில் நான்கு பங்கோ அதற்குச் சற்று மேலோ செம்பு, மீதி துத்தநாகம். செம்பின் பங்கு கூடினால் செம்பொன் நிறம், குறைந்தால் எலுமிச்சைப் பொன் நிறம். வெள்ளி நிறச் செதில் பெரும்பாலும் அலுமினியம். செந்நிறமுடையது செம்பேதான். பித்தளையும் செம்பும் வியர்வை, ஈரம், விளக்குப் புகை, கடற்காற்று ஆகியவை பட்டால் கறுக்கும், பச்சை பூக்கும். பூஜைச் செம்பை வாரந்தோறும் புளி போட்டு விளக்குகிற வீடுகளில் பிறந்த நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்! அலுமினியம் அவ்வாறு கறுப்பதில்லை. அதன் மேற்பரப்பில் காற்றுப்பட்டு உண்டாகும் மெல்லிய படலமே அதைக் காத்துக்கொள்ளுகிறது.

உண்மைத் தங்கத் தாள் வேறு. நம்மூரில் அதற்குத் தங்க ரேக்கு என்று பெயர். பொன்னைப்போல் மெலியக்கூடிய உலோகம் வேறில்லை: ஒரு கிராம் பொன்னை ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு அடித்து விரிக்கலாம் என்பார்கள். கடைகளில் விற்கும் தங்கத் தாளின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் 10,000-இல் ஒரு பங்கு. அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவி நீலப்பச்சை நிறம் தெரியும். இந்த விந்தையை மைக்கேல் ஃபாரடே 1857-இல் ஆராய்ந்து எழுதினார். பித்தளைத் தாள் இதைவிடக் கனமானது, ஒளியை விடாது. கடைக்காரர் தங்கமென்று சொன்னால், ஒரு துணுக்கின்மேல் உப்புக் கலந்த வினிகர் ஒரு சொட்டு விட்டு, ஓரிரவு வைத்துப் பார்க்கலாம். பித்தளை நிறம் மாறும், பொன் மாறாது. நாங்கள் வாங்கியவர் பொய் சொன்னார் என்று குறை கூறுவதற்கில்லை. ஒட்டுச்சீட்டில் மிகச் சிறிய எழுத்தில் போலிப்பொன் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. நாங்கள்தாம் படிக்கவில்லை.

காகிதத்தின்மேல் பொற்செதில் தூவும் வழக்கம் இன்றைய கைவினைக் கடைகளில் பிறந்ததன்று. ஜரஃப்ஷான் என்று பாரசீக மொழியில் அதற்குப் பெயர். பொன் தூவியது என்பது பொருள். முகலாயர் காலத்து ஏடுகளிலும் எழுத்தழகுத் தாள்களிலும் இதனைக் காணலாம். பசைநீர் பூசி ஈரம் ஆறாத காகிதத்தின்மேல் சல்லடை வழியாகத் தங்கத் துணுக்குகளை உதிர்த்து, உலர்ந்த பின்பு அகேட் என்னும் வழவழப்பான மணிக்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். தில்லியில் இருப்போர் தேசிய அருங்காட்சியகத்துக்குச் செல்லும்போது ஓவியத்தின் நடுவிலுள்ள அரசரை மட்டும் பார்த்துவிட்டு வராமல், அதைச் சூழ்ந்த ஓரக் காகிதத்தையும் சற்றுக் குனிந்து பார்க்கட்டும். நூற்றாண்டுகள் கழிந்தும் நிறம் மாறாத பொன்னை ஆங்காங்கே காண்பார்கள்.

நம்முடைய தஞ்சாவூர் ஓவியமும் இவ்வகையில் உறவுதான். ஆனால் அங்கே பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் புடைப்பாக எழுப்பி, அதன்மேல் ரேக்கை அழுத்துகிறார்கள். அட்டை செய்வோருக்கு அதனினும் நெருங்கிய உறவு மைசூர் ஓவியம். அது பெரும்பாலும் காகிதத்தின்மேலேயே தீட்டப்பட்டது. மக்கிப் பிசினையும் வெள்ளைப் பொடியையும் குழைத்து, தூரிகையால் மிகத் தாழ்ந்த புடைப்பாக இழுத்து, மெல்லிய தங்கத் தாளை அதன்மேல் படிய வைப்பார்கள். காகிதம் மடங்கவும் சுருங்கவும் கூடியது. அதன்மேல் கனத்த புடைப்பு நில்லாது வெடிக்கும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பெங்களூரிலும் மைசூரிலும் வாழும் நம்மவர் இதனை நேரிலேயே காணலாம்.

காகிதத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் முதல் அட்டைக்கு நாங்கள் எடுத்தது ஆலைக் காகிதம். இப்போது கைக்காகிதமே எடுக்கிறோம். ஜெய்ப்பூருக்கு அருகில் சாங்கானேர் என்னும் ஊரில் காகஜி என்னும் குடும்பத்தார் பல தலைமுறைகளாகக் கையால் காகிதம் செய்து வருகின்றனர். பனியன், உள்ளாடை தைக்கும்போது கழியும் பருத்தித் துணி வெட்டுகளே அவர்களுக்கு முக்கியமான மூலப்பொருள். திருப்பூர்க்காரர்களுக்கு அந்தக் கழிவின் முகம் நன்றாகத் தெரியும். மரக்கூழில் உள்ள லிக்னின் பருத்தியில் இல்லாமையால் இக்காகிதம் விரைவில் பழுப்பதில்லை. அதே சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிலையத்துக்குக் குமரப்பாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, காந்தியடிகளுடன் சேர்ந்து, 1934-இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பாவேதான் அவர். ராஜஸ்தானத்துப் பாலை மண்ணில் ஒரு தமிழர் பெயரைப் பலகையில் படித்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை.

சாங்கானேர் வரையில் போக வேண்டுமென்பதில்லை. தில்லியில் சாவ்ரி பஜார், மும்பையில் அப்துல் ரகுமான் தெரு, கல்கத்தாவில் பைட்டக்கானா ஆகிய இடங்களிலுள்ள காகிதக் கடைகளில் தாள் கணக்கில் கேட்டு வாங்கலாம்.

இனி ஒட்டும் வேலைக்கு வருவோம். இதில் வெற்றியும் தோல்வியும் பசையைப் பொறுத்தவை. செதிலைப் பொறுத்தவை அல்ல.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை எல்லா வீடுகளிலும் உண்டு. அதைச் சிறிது நீர் விட்டு இளக்கி, பொன் வேண்டிய இடத்தில் மட்டும் தூரிகையால் மெல்லப் பூசவேண்டும். பூசிய உடனே செதிலைப் போடலாகாது. நாங்கள் முதலில் செய்த பிழை அதுவே. ஈரப்பசையில் செதில் மூழ்கிப்போகும். மேலே பசை ஏறி ஒளி மங்கும். உள்ளே நின்ற ஈரம் பித்தளையை அரிக்கவும் தொடங்கும். பசையின் பால்வெண்மை மறைந்து, கண்ணாடி போல் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது விரல் முட்டியை மெல்ல வைத்துப் பார்த்தால் ஒட்டி இழுக்கும். ஆனால் ஈரம் முட்டியில் வராது. அதுவே பதம். பாகுப் பதம் பார்க்கத் தெரிந்த பெண்மணிகளுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும். மற்றவர்கள் பழைய காகிதத் துண்டுகளில் நாலைந்து தடவை பழக வேண்டியிருக்கும்.

பதம் வரும் நேரம் ஊருக்கு ஊர் வேறுபடும். தில்லியில் மே மாதத்து வெயிலில் தூரிகையைக் கழுவித் திரும்புவதற்குள் பசை காய்ந்துவிடும். மும்பையில் மழைக்காலத்தில் அரைமணிக்கு மேலும் பால்போலவே நிற்கும். காய்ந்து தப்பிவிட்டால் கவலை வேண்டா. அதன்மேலேயே மற்றொரு மெல்லிய பூச்சு கொடுத்து மறுபடி காத்திருக்கலாம். பொன் ஒட்டுவதற்கென்றே சைஸ் என்னும் பசையும் விற்கிறார்கள். அது தெளிந்த பிறகும் நெடுநேரம் ஒட்டும் தன்மையோடு இருப்பதால், நிதானமாக வேலை செய்ய விரும்புவோருக்கு ஏற்றது. மைதாப் பசை இதற்கு உதவாது. காய்ந்ததும் அதன் ஒட்டுந்தன்மை போய்விடும், பூச்சிகளும் தேடி வரும்.

பழைய முறை ஒன்று உண்டு. வேலம்பிசின் நீரில் சிறிது தேன் கலந்து எழுதி, முற்றும் உலரவிட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன்மேல் வாயால் ஊதினால், தேன் மூச்சின் ஈரத்தைப் பற்றிக்கொண்டு பிசின் மீண்டும் உயிர்பெறும். உடனே பொன்னை அதன்மேல் வைத்து அழுத்த வேண்டும். செய்து பார்த்தோம், நன்றாகவே வந்தது. எறும்புக்கு மட்டும் காவல் இருக்க வேண்டியிருந்தது. குழந்தைகளோடு செய்வதானால் இவையெல்லாம் வேண்டா. இருபுறம் ஒட்டும் நாடாவை வடிவமாக வெட்டி ஒட்டி, மேல்தாளை உரித்துச் செதிலைத் தூவச் சொல்லலாம். காத்திருக்கும் வேலையே இல்லை.

கைக்காகிதத்தில் வேலை செய்வோர் ஒன்றை மறக்கலாகாது. அது தாகமுள்ள காகிதம், முதற்பூச்சைக் குடித்துவிடும். முதலில் ஒரு பூச்சுக் கொடுத்து முழுதும் உலரவிட்டு, இரண்டாம் பூச்சில்தான் செதிலை ஒட்டவேண்டும்.

பசை பதத்துக்கு வந்ததும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். (நாங்கள் ஒருமுறை மறந்தோம். மூன்று மாதம் வரை வீட்டு மூலைகளில் பொன் கிடந்தது.) அட்டையை ஓரம் உயர்ந்த தட்டில் வைத்து, செதில்களைச் சிமிட்டாவாலோ உலர்ந்த தூரிகையாலோ எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறுமாறு தாராளமாக இடவேண்டும். விரலால் தொடுவது ஆகாது. வியர்வை பட்ட இடமே பின்னாளில் முதலில் பச்சையாகும். வடநாட்டுக் குளிர்காலத்தில் காற்று மிகவும் உலர்ந்திருப்பதால் செதில்கள் பிளாஸ்டிக் தாளை நோக்கித் துள்ளி ஒட்டிக்கொள்ளும். அப்போது எஃகுத் தட்டே நல்லது. பிறகு பட்டர் பேப்பரை மேலே போட்டு, விரலால் சீராக அழுத்தி, தாளை எடுத்துவிட்டு, மென்மையான தூரிகையால் வட்டமாகத் தேய்த்தால் ஒட்டாதவை உதிர்ந்து வடிவம் வெளிப்படும். உதிர்ந்ததைக் குப்பிக்கே திருப்பிவிடலாம். நுண்பொடியாக எழுவதை மூச்சோடு இழுக்காமல் மூக்கை மறைத்துக்கொள்வது நலம்.

எந்த வடிவத்தைப் பொன்னாக்குவது என்பதிலும் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. நம்மவர் பலர் முதலில் எண்ணுவது கோலத்தை. கோலத்தின் அழகு அதன் மெல்லிய இழையில் இருக்கிறது. செதிலோ இழையாக நிற்காது, விளிம்பு பிசிறு பிசிறாகப் போகும். சிக்குக் கோலத்தைப் பொன்னிழையால் வரைய முயன்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தோம். கோட்டை வெள்ளை மையால் எழுதி, புள்ளிகளை மட்டும் பொன்னாக்கினால் அழகாக இருக்கும். கதிரவன், பானையின் கழுத்து, மாவிலை, மாங்காய் வடிவம் போன்ற அகன்ற பரப்புகளே செதிலுக்கு உகந்தவை. முழுவதும் மூடாமல் ஆங்காங்கே காகிதம் தெரியவிட்டாலும் குற்றமில்லை. ஜரஃப்ஷான் தாளின் அழகே அதுதான்.

இவ்வளவும் செய்து, மேற்பூச்சுக் கொடுக்காமல் விட்டதே எங்கள் கதிரவனுக்குக் கிரகணமாயிற்று. பித்தளைக்கும் செம்புக்கும் மேற்பூச்சு இன்றியமையாதது; உண்மைப் பொன்னுக்கு வேண்டியதில்லை. தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பயன்படுத்தும் அவலரக்கு இதற்கு மிகப் பொருத்தம். புரசு, இலந்தை போன்ற மரங்களில் அரக்குப் பூச்சிகள் இடும் பிசினிலிருந்து அது கிடைக்கிறது. இந்தியாவில் ஜார்க்கண்டிலேயே மிகுதியாக எடுக்கிறார்கள். நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ்களில் சிலவற்றில் அம்மோனியா சேர்ந்திருக்கும். அம்மோனியா செம்பை அரிக்கக்கூடியது. எனவே அத்தகையதை நேரே பித்தளைமேல் பூசாதிருப்பதே நன்று. அவலரக்கை மிக இளக்கமாகக் கரைத்து, பொன் உள்ள இடத்தில் மட்டும் நுனித் தூரிகையால் இருமுறை தடவுங்கள். காகிதத்தில் வழிந்தால் எண்ணெய்க் கறைபோல் படியும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். விளக்கும் அடுப்பும் உள்ள இடத்தில் இந்த வேலை கூடாது. பசை முழுவதும் உலர ஒரு நாள் விட்ட பின்பே பூச்சுக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.

மற்றொன்று, சற்றுக் கண்டிப்பாகவே கூறவேண்டியது. வடநாட்டு இனிப்புகளின்மேல் வர்க் என்னும் வெள்ளித் தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பழகிய குழந்தைகள், இந்தக் குப்பியும் அத்தகையது என்று எண்ணக்கூடும். பெரியவர்களும் எண்ணிவிடுவது உண்டு. பண்டிகைச் சமையலறையில் அட்டை வேலையும் பலகார வேலையும் ஒரே மேசையில் நடக்கும். உண்ணும் வெள்ளித் தாளில் 1,000-க்கு 999 பங்கு வெள்ளி இருக்கவேண்டும் என்று விதி உண்டு. அதைச் செய்வதில் விலங்குப் பொருள் எதுவும் சேரலாகாது என்று 2016-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. கைவினைச் செதிலுக்கு இத்தகைய விதி ஒன்றுமில்லை. அது செம்பும் துத்தநாகமும். கேசரியின்மேலோ கேக்கின்மேலோ அதைத் தூவலாகாது. எங்கள் வீட்டில் குப்பியின்மேல் தமிழிலும் இந்தியிலும் 'உண்ணத் தகாதது' என்று எழுதி ஒட்டிவைத்திருக்கிறோம். சமையலுக்கு உதவ வரும் அம்மையாருக்குத் தமிழ் தெரியாதல்லவா?

தபாலில் அனுப்புகையில் பொன் உள்ள முகத்தின்மேல் ஒரு பட்டர் பேப்பரை வைத்து, அட்டையைவிடச் சற்றுப் பெரிய கெட்டி உறையில் இடுங்கள். உறைக்குள் அட்டை உலாவினால் விளிம்பு தேயும். முத்திரை குத்தும் இடத்துக்கு நேர் கீழே பொன் வாராதபடி, அட்டையின் முகத்தை உறையின் பின்பக்கம் பார்க்க வைப்பது நல்லது. பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பதை அனுபவசாலிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2020-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு அவலரக்குப் பூசி மற்றோர் அட்டை அனுப்பினோம். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது கதிரவன் பொன்னாகவே இருந்தான்; ஓர் ஓரத்தில் மட்டும், பூச்சுக்கு முன்னே தெரியாமல் தொட்டுவிட்ட எங்கள் கைவிரல் ரேகை பச்சையாகத் தெரிந்தது. கறுத்துப்போன பழைய சூரியனையும் எடுத்து எறியாமல், புதியதற்குப் பக்கத்திலேயே அம்மா சாத்தி வைத்திருந்தார்கள்.